விமானியின் காது

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்றால், வடக்கே வடமதுரையும் அய்யலூரும் உள்ள திசையில் சமவெளி விரிந்து கிடப்பதைக் காணலாம். தென்கிழக்கே சிறுமலை. தென்மேற்கே, நீலப் புகை படிந்தாற்போலப் பழனி மலைத்தொடர். இவ்விரு மலைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தின் வழியாக இருப்புப்பாதை மதுரையை நோக்கி ஓடுகிறது. சிறுவனாக இருந்தபோது அந்தப் பாறையின்மேல் அமர்ந்திருப்பேன். எப்போதாவது ஆகாய விமானம் ஒன்று மேலே சென்றால் கழுத்து வலிக்க அதனையே நோக்கிக்கொண்டிருப்பேன். ஒருநாள் என் தந்தையாரிடம், "மேலே போகிறவருக்கு வழி யார் சொல்வார்?" என்று கேட்டேன். அவர் திண்டுக்கல் இரயில் நிலையத்தில் பணிபுரிந்தவர். "எங்களுக்குச் சொல்வதுபோல அவருக்கும் யாரோ ஒருவர் சொல்லுவார். நாளை நிலையத்துக்கு வா, காட்டுகிறேன்" என்றார்.

மறுநாள் நான் அங்கே கண்டது விமானத்தைப் பற்றியதன்று. அந்நாளில் அது ஒற்றைப் பாதை. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அம்பாத்துரை நிலையத்தார் தொலைபேசியில் இசைவு தந்தாலன்றித் திண்டுக்கல்லிலிருந்து வண்டி தெற்கே புறப்படாது. இசைவு தருபவர் தம்மிடம் அச்சிட்டு வைத்துள்ள இரகசிய எண்களில் ஒன்றைச் சொல்வார். இங்கிருப்பவர் அதை ஏட்டில் எழுதிக்கொண்டு, எழுதியதைப் படித்துக் காட்டுவார். அங்கிருப்பவர் "சரி" என்ற பிறகுதான் டோக்கன் வெளியே வரும். பிரம்பு வளையத்தில் தோல்பையோடு கோத்த அந்த டோக்கனை ஓடும் எஞ்சினிலிருந்து கை நீட்டி வாங்கிக்கொள்ளும் காட்சியே எனக்கு வேடிக்கையாக இருந்தது. தந்தையாருக்கோ முக்கியம் வேறு. "கேட்டதைத் திருப்பிச் சொன்னாரே, கவனித்தாயா?" என்றார். நான் கவனிக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, 1980களின் தொடக்கத்தில், விமானம் ஓட்டக் கற்கும் மாணவனாக நான் ஆனபோதும் அதே தவறைத்தான் செய்தேன்.

விமானங்கள் தொடக்கத்தில் ஊமையாகவே பறந்தன. 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு விமானி சுமார் 6,500 கடிதங்களை ஏற்றிச் சென்றார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சல் அதுவே. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1938இல் அச்சேவை திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. அந்த முதற்பயணத்தில் விமானிக்கு வழிகாட்ட வானொலி இல்லை. ஆறு, இருப்புப்பாதை, கோயிற்கோபுரம், ஏரி இவையே வழிகாட்டிகள். மழைமேகம் நிலத்தை மூடிவிட்டால் பிறகு அவருடைய அனுபவமே துணை.

கம்பியில்லாத் தந்தி விமானத்தில் ஏறியபோது முதலில் ஏறியது மனிதக் குரலன்று. மோர்ஸ் தந்தியின் புள்ளியும் கோடுமே. ஒவ்வொரு சொல்லையும் தந்தியில் தட்டுவதற்கு நேரம் ஏது? கப்பல்களுக்காகப் பிரிட்டிஷார் வகுத்து, 1912ஆம் ஆண்டு லண்டன் மாநாட்டில் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட 'கியூ' குறியீடுகள் விமானங்களுக்கும் கைகொடுத்தன. மூன்றே எழுத்துகளில் ஒரு முழு வினாவும் அதன் விடையும் அடங்கிவிடும். அனுப்புபவர் மொழியும் பெறுபவர் மொழியும் வேறாயினும் பொருள் மாறாது. வானத்தில் தந்தி தட்டும் காலம் போய்விட்டது. ஆயினும் அக்குறியீடுகளில் சில போகவில்லை. இன்றும் விமானத்தில் ஏறும் மாணவன் முதல் நாளிலேயே கேட்கும் சொல் 'கியூ.என்.எச்.' என்பது. அதனால் நான் பட்ட பாட்டைப் பிறகு சொல்கிறேன்.

குரல் பரவலாக வழக்கத்துக்கு வந்தது முதல் உலகப் போருக்குப் பின்னர்தான். லண்டனுக்கு அருகில் கிராய்டன் விமான நிலையத்தில் 1920இல் கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தது. அங்கே வானொலி அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் மாக்ஃபோர்டு என்பவரிடம், ஆபத்தில் சிக்கிய விமானி கூவுவதற்கு ஏற்ற சொல் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கிராய்டனுக்கும் பாரிசுக்கும் இடையேதான் அன்று போக்குவரத்து மிகுதி. ஆகவே ஆங்கிலேயர் காதுக்கும் பிரெஞ்சுக்காரர் காதுக்கும் ஒருங்கே விளங்க வேண்டும். 'எனக்கு உதவுங்கள்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியைத் தழுவி 1923ஆம் ஆண்டளவில் அவர் 'மேடே' என்ற சொல்லைத் தந்தார். 1927ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநாடு அதனை உலகுக்கு உரியதாக்கியது. மும்முறை சொல்ல வேண்டும் என்பது விதி. இரைச்சலில் ஒருமுறை சொன்னது காதில் விழாமற் போகலாம் அன்றோ?

எழுத்துகளுக்கும் இதே தொல்லை. ஆங்கிலத்தில் 'பி', 'டி', 'வி' என்பவற்றை எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே சொல்லிப் பாருங்கள். மூன்றும் ஒன்றாகவே கேட்கும். எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு முழுச் சொல்லை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கரும் ஆங்கிலேயரும் கையாண்ட சொற்கள் அவர்கள் நாவுக்கு மட்டுமே இனியவை. 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கையின் பயனாக 1947இல் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் முறையாகத் தோன்றியது. பிரெஞ்சு, ஸ்பானியம் பேசுவோர் நாவிலும் இடறாத சொற்களை ஆராயும் வேலை அதன்பின் நடந்தது. மான்ட்ரியால் பல்கலைக்கழகத்து மொழியறிஞர் ஜான் பால் வினே அதில் பெரும்பங்கு கொண்டார். பல நாட்டவரைக் கொண்டு சோதித்து, சில சொற்களை வைத்து, சிலவற்றைத் தள்ளி, 1956 மார்ச் 1ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்ததுதான் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று தொடங்கும் இன்றைய வரிசை. 'ஐ' என்னும் எழுத்துக்கு முன்னிருந்த 'ஐட்டம்' என்ற சொல் போய், 'இந்தியா' வந்து அமர்ந்தது. உலகில் எந்த நாட்டு விமானி அவ்வெழுத்தைச் சொன்னாலும் நம் நாட்டின் பெயரையே சொல்கிறார்.

எண்களையும் விட்டுவைக்கவில்லை. ஐந்தும் ஒன்பதும் ஆங்கிலத்தில் ஒன்றுபோல ஒலிப்பதால் ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் சொல்ல வேண்டும். மூன்று என்பது 'ட்ரீ'. எங்கள் பள்ளியில் மூன்றை 'ட்ரீ' என்று சொன்னதற்காகத் தலையில் குட்டு வாங்கியவர்கள் உண்டு. அதே உச்சரிப்பை உலக விமானப் போக்குவரத்துக்கே விதியாக வைத்திருக்கிறார்கள் என்பதைப் பயிற்சிப் புத்தகத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

புத்தகத்தில் படித்ததெல்லாம் புத்தகத்தோடு நின்றது. முதன்முதலாகச் செவிக்கருவியை மாட்டிக்கொண்டு இரண்டு பேர் அமரும் அச்சிறு விமானத்தில் உட்கார்ந்தபோது, காதில் கரகரவென்று ஏதோ பொழிந்தது. ஆங்கிலம் என்று தெரிந்தது. என்ன ஆங்கிலம் என்று தெரியவில்லை. கல்லூரியில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெற்றவன் என்ற செருக்கு எனக்கு இருந்தது. அது அன்றோடு போயிற்று. கோபுரத்தார் என்ன சொன்னாலும் 'ராஜர்' என்று விடை கூறத் தொடங்கினேன். சினிமாவில் விமானிகள் அப்படித்தான் சொல்கிறார்கள்!

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, 'ராஜர்' என்று நான் முழங்கிய மறுகணம் ஆசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னார்கள்?"

"கியூ.என்.எச். சொன்னார்கள், சார்."

"எவ்வளவு?"

"1018, சார்." உயரமானியில் அதைத் திருகியும் வைத்திருந்தேன்.

அவர் ஒன்றும் பேசாமல் தம் கையால் அதனை 1008க்கு மாற்றினார்.

இதில் என்ன பெரிய தவறு என்று உங்களுக்குத் தோன்றலாம். விமானத்தின் உயரமானி உண்மையில் ஒரு காற்றழுத்தமானி. மேலே செல்லச் செல்ல அழுத்தம் குறைவதைக் கொண்டு உயரத்தைக் கணித்துக் காட்டுகிறது. ஆனால் அழுத்தமோ நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் மாறுவது. ஆகவே கடல்மட்டத்துக்குக் கணித்த அன்றைய அழுத்தத்தை நிலத்திலுள்ளோர் சொல்ல, விமானி அதனைக் கருவியில் பொருத்த வேண்டும். அதுவே கியூ.என்.எச். நாங்கள் அப்போது அதனை மில்லிபார் என்ற அளவில் சொன்னோம்; இன்று ஹெக்டோபாஸ்கல் என்கிறார்கள்; எண் ஒன்றே. ஓர் அலகு தவறினால் ஏறத்தாழ 30 அடி தவறும். பத்து அலகு தவறிய நான், உண்மையில் 700 அடியில் பறந்துகொண்டு, 1,000 அடியில் இருப்பதாக எண்ணியிருப்பேன். பகல் வெளிச்சத்தில் சமவெளியின்மேல் அது பிழைத்துப்போகும் பிழை. மேகத்துக்குள், மலைக்கருகில், அப்படி இராது.

தரையில் இறங்கிய பிறகு ஆசிரியர் 'ராஜர்' என்ற சொல்லின் கதையைச் சொன்னார். தந்திக் காலத்தில் 'பெற்றேன்' என்பதற்கு 'ஆர்' என்ற ஓர் எழுத்தைத் தட்டுவார்கள். பழைய வரிசையில் அவ்வெழுத்துக்குரிய சொல் 'ராஜர்'. எழுத்துக்குரிய சொல் பின்னர் 'ரோமியோ' என்று மாறியும் இது நிலைத்துவிட்டது. அதன் பொருள் 'காதில் விழுந்தது' என்பதே. விளங்கிற்று என்பதோ, செய்வேன் என்பதோ, சரியாகக் கேட்டேன் என்பதோ அதில் இல்லை. "எண் எதைச் சொன்னாலும் அந்த எண்ணையே திருப்பிச் சொல். நீ தவறாகக் கேட்டிருந்தால் கீழே உள்ளவர் திருத்துவார். நீ 'ராஜர்' என்றால் அவர் எதைத் திருத்துவது?" என்றார்.

அம்பாத்துரையின் எண்ணைத் திண்டுக்கல்லில் படித்துக் காட்டியது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. பதினைந்து ஆண்டுகள் தாமதமாகத்தான்.

அதன்பின் காதைப் பழக்கினேன். விடுதியில் நானும் ஒரு நண்பனும் முதுகுக்கு முதுகு ஒட்டி உட்கார்ந்துகொள்வோம். முகம் தெரியக்கூடாது, உதடும் தெரியக்கூடாது. ஒருவன் கோபுரம், மற்றவன் விமானி. அழைக்கும்போது முதலில் யாரை அழைக்கிறோம், பிறகு நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும் என்னும் ஒழுங்கு மாறக்கூடாது. மின்விசிறியின் ஓசை போதாதென்று தகரப் பெட்டி ஒன்றைத் தட்டிக்கொண்டும் சொல்வோம். அடுத்த அறை மாணவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ! ஆசிரியர் கற்பித்த இன்னொன்று இதைவிடப் பயன்பட்டது. அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்பதை முன்னரே எதிர்பார்த்திருக்க வேண்டும். இறங்க வரும் விமானத்துக்குக் காற்றின் திசையும், ஓடுபாதையின் எண்ணும், அழுத்தமும்தான் சொல்வார்கள். வேறு என்ன சொல்லப்போகிறார்கள்? எதிர்பார்த்திருப்பவனுக்குப் பாதி ஒலியிலேயே முழுச் சொல் விளங்கிவிடும். பிறருக்குச் சொல்வதையும் கேட்கப் பழகினேன். பத்து மைல் தொலைவில் ஒருவர், ஓடுபாதைக்கு இணையாக மற்றொருவர் என்று, கேட்பதைக் கொண்டே வானத்தின் படத்தை மனத்தில் வரைந்துகொள்ளும் திறமை மெல்ல வந்தது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்கள் இரண்டு விபத்துகளை அறிந்துகொள்ள வேண்டும். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குரிய டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தை மூடுபனி மறைத்திருந்தது. டச்சு விமானம் ஒன்று, அனுமதி கிடைக்காமலே, கிடைத்ததாக எண்ணி ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது. எதிரே அதே பாதையில் அமெரிக்க விமானம் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. புறப்படுகிறோம் என்ற பொருளில் டச்சு விமானத்தார் கூறியதைக் கோபுரத்தார் புறப்படக் காத்திருப்பதாக விளங்கிக்கொண்டனர். பொறுத்திருக்கச் சொன்ன கோபுரத்தின் குரலும், நாங்கள் இன்னும் பாதையில் இருக்கிறோம் என்ற அமெரிக்கரின் குரலும் ஒரே நேரத்தில் எழுந்து மோதி வெறும் கீச்சொலியாயின. இறந்தவர்கள் 583 பேர். அதன்பின் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையே பூட்டி வைத்தார்கள். புறப்பட அனுமதி அளிக்கும்போதும், அதனைத் திருப்பிச் சொல்லும்போதும், அளித்த அனுமதியை நீக்கும்போதும் அன்றி அச்சொல் ஒலிக்கக் கூடாது.

மற்றது நம் நாட்டில் நிகழ்ந்தது. 1996 நவம்பர் 12 அன்று டில்லிக்கு மேற்கே, அரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரியின் வானில், சவூதி விமானமும் கஜக்ஸ்தான் விமானமும் மோதி 349 பேர் மாண்டனர். ஒன்றுக்கு 14,000 அடி; இறங்கிவந்த மற்றதற்கு 15,000 அடி என்று டில்லி கட்டுப்பாடு வரையறுத்திருந்தது. கஜக்ஸ்தான் விமானம் அந்த 15,000 அடியில் நிற்கவில்லை. அவ்விமானத்தில் நிலத்தோடு பேசியவர் வானொலிப் பணியாளர். விமானத்தை ஓட்டியவர்களோ மீட்டர் அளவில் பழகி, ஆங்கிலத்தில் தேர்ச்சி குறைந்தவர்கள். இதுபோன்ற விபத்துகளின் விளைவாகவே, பன்னாட்டு விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆறு படிகள் கொண்ட அளவுகோலில் நான்காம் படியளவேனும் ஆங்கிலத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2003இல் ஏற்கப்பட்டு 2008 முதல் நடைமுறைக்கு வந்தது.

பேச்சுப் பிழைத்தால் இவ்வாறு. பேச்சே அற்றுப்போனாலோ? 1949 மார்ச் 29 அன்று சர்தார் வல்லபபாய் படேல் டில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்குச் சென்ற விமானத்தோடு வானொலித் தொடர்பு அறுந்தது. நாடு கலங்கிற்று. விமானம் இயந்திரக் கோளாற்றால் ஜெய்ப்பூருக்கு வடக்கே திறந்த வெளியில் இறங்கியிருந்தது. அனைவரும் நலம் என்ற செய்தி கிடைத்தது இரவில்தான். மேலிருப்பவரின் மௌனம் கீழிருப்பவரை எப்படி வாட்டும் என்பதற்கு இதுவே சான்று. கீழிருப்பவரின் மௌனம் மேலிருப்பவரை எப்படி வாட்டும் என்பதை நான் என் சொந்த ஊரின்மேல் அறிந்தேன்.

தனியாகத் திருச்சியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நாள் வந்தது. நேர்வழியை விட்டு, இருப்புப்பாதையைத் துணையாகக் கொண்டு திண்டுக்கல் வழியே போகப் பணித்திருந்தார் ஆசிரியர். மணப்பாறை, வையம்பட்டி, அய்யலூர் எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே வந்தன. திருச்சியின் குரல் தேய்ந்து மறைந்தது. பிறகு அந்தப் பாறை தெரிந்தது. மேலிருந்து பார்க்க எவ்வளவு சிறியது! அதன்மேல் அமர்ந்து கழுத்தை வளைத்த சிறுவன் நினைவுக்கு வந்தான். உற்சாகத்தோடு மதுரையை அழைத்தேன். விடையில்லை. மீண்டும் அழைத்தேன். செவிக்கருவியில் மெல்லிய இரைச்சலன்றி வேறில்லை. அலைவரிசை எண் சரி. ஒலிக்குமிழ் சரி. செருகியைப் பிடுங்கி மறுபடி செருகினேன். விடையில்லை. உள்ளங்கை வியர்த்தது.

விமானங்கள் பேசும் அலைகள் 118 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்டவை. அவை ஏறக்குறைய ஒளியைப்போல நேர்கோட்டில் செல்லும். திருச்சி வானொலியின் நடு அலை ஒலிபரப்பு நிலத்தைத் தழுவி வளைந்து குன்றுகளைக் கடந்து சிற்றூர்களை எட்டும். இவை அவ்வாறு வளையா. பாறைக்கோட்டைக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் ஒரு நேர்கோடு இழுத்தால் அது சிறுமலையின் ஊடே செல்லும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த அம்மலையின் பின்னால், 2,500 அடியில், அதாவது சுமார் 760 மீட்டரில் பறந்துகொண்டு நான் மதுரையைக் கூவினேன். மலை கேட்டிருக்கும்! சிறுவயது முதல் நாள்தோறும் பார்த்த மலை, வரைபடத்தில் உயரத்தோடு குறித்திருந்த மலை. அந்த நேரத்தில் அது என் புத்தியில் எட்டவில்லை.

விடை வராவிடினும் இருக்குமிடத்தையும் உயரத்தையும் சொல்லிக்கொண்டே செல்ல வேண்டும் என்பது விதி. நம் குரல் அவருக்குக் கேட்கலாம், அவர் குரல் மட்டும் நமக்கு எட்டாதிருக்கலாம். அவ்வாறே சொல்லிக்கொண்டு போனேன். எதுவுமே வேலை செய்யாவிட்டால் கோபுரத்திலிருந்து ஒளி காட்டுவார்கள் என்பதையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்: நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. அம்பாத்துரை கீழே சென்றது. கொடைக்கானல் ரோடு நிலையமும் சென்றது. சிறுமலை இடப்புறமாகப் பின்னே நழுவிற்று. வைகை, வெயிலில் மணற்கோடாகத் தெரிந்த நேரத்தில், காதருகே ஒருவர் பேசுவதுபோல மதுரையின் குரல் கேட்டது.

காற்றின் திசை சொன்னார், ஓடுபாதையின் எண் சொன்னார், கியூ.என்.எச். சொன்னார். நான் மகிழ்ச்சியில் மடமடவென்று எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன்.

"நெகட்டிவ்" என்றது கோபுரம். பிறகு நிதானமாக நான்கு இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னது. கடைசி இலக்கத்தை நான் தவறாகச் சொல்லியிருந்தேன். திருத்திச் சொன்னேன். கருவியைத் திருகினேன். இறங்கினேன்.

அடுத்த விடுமுறையில் திண்டுக்கல்லுக்கு வந்தபோது, தந்தையாரிடம் ஊரின்மேல் பறந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவர் பாறையைப் பற்றியும் கேட்கவில்லை. வைகையைப் பற்றியும் கேட்கவில்லை.

"எண்ணைத் திருப்பிச் சொன்னாயா?"

"சொன்னேன் அப்பா. தப்பாகச் சொல்லிவிட்டேன்."

"அவர் விட்டாரா?"

"விடவில்லை."

தந்தையார் தலையசைத்துவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். இரவு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் புறப்பட்டார்.